அக்காவுக்குக் கொடுத்த சூடான இடம்

இப்போது என்னுடைய கார் தானாகவே எச்சரிக்கிறது. குளிர் தொடங்கியதும் விடியற்காலையில் ஏறி உட்கார்ந்தால், வெளியே உறைபனி என்று திரையில் வெள்ளையாய் ஒரு சின்னப் பூ வந்து நிற்கும். முன்கண்ணாடி தானே சூடாகிப் பனியைக் கரைத்துக்கொள்ளும். ஆசனத்தைச் சூடாக்கவும் ஒரு பொத்தான் உண்டு. அதை நான் ஒரு நாளும் அழுத்தியதில்லை. பிள்ளைகள் ஏனென்று கேட்டால் எனக்கு வேர்க்கும் என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன்.

உங்களிடம் அப்படிச் சமாளிக்க வேண்டியதில்லை. லண்டனில் ஒரு வகுப்புக்கு ஒரு தமிழ்ப் பிள்ளை என்று இருந்த காலத்தில் வளர்ந்தவர்கள் நீங்கள். இப்போது உங்களுக்கும் என்னைப் போல முழங்கால் நோவும் மூக்குக் கண்ணாடியும் வந்திருக்கும். உங்கள் அப்பாமாரிடமும் ஒரு பழைய வான் இருந்திருக்கும். வாரத்தில் ஆறு நாள் மரக்கறிப் பெட்டியும் அரிசி மூட்டையும் ஏற்றி, ஏழாம் நாள் அதே இடத்தில் உங்களையும் ஏற்றி, கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் கொண்டுபோயிருப்பார்கள். வெங்காயச் சருகு ஒட்டிய பட்டுப்பாவாடையோடு சாமி கும்பிட்டவர்களுக்குத்தான் இந்தக் கதை விளங்கும்.

நாங்கள் அப்போது லண்டனின் தெற்கே லூயிஷாமில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அப்பா லண்டனுக்கு வருவதற்கு முதல் சில வருடங்கள் ஜெர்மனியில் இருந்தவர். ஆகையால் குளிர் விஷயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பது அவருடைய எண்ணம். ஒக்டோபர் முடியவே தொடங்கிவிடுவார்.

"இஞ்ச உள்ளவைக்கு விண்டர் எண்டால் தாங்கள் கோட்டுப் போடுறது மட்டும்தான். வாகனத்துக்கு ஆர் கோட்டுப் போடுறது?" என்பார்.

ரேடியேற்றர் தண்ணீர் உறைந்து வெடிக்காமல் இருக்கப் பச்சை நிறத்தில் ஒரு திரவம் ஊற்றுவார். அது இனிக்குமாம், நக்கிப் பார்த்தால் செத்துப்போவீர்கள் என்று எங்களை வெருட்டியும் வைப்பார். ரயர் தேய்ந்துவிட்டதா என்று அதன் பள்ளத்தில் காசைச் செருகிப் பார்ப்பார். முன்கண்ணாடியில் பழைய பேப்பரை விரித்து வைப்பரால் அமத்திவிடுவார். பற்றரியைக் கழற்றிக்கொண்டுவந்து குசினிக்குள் அரிசி வாளிக்குப் பக்கத்தில் வைப்பார். "பற்றரியோட இருந்து சோறு தின்னவேண்டிக் கிடக்கு" என்று அம்மா முணுமுணுப்பாள். கதவு ரப்பர் உறைந்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முதலில் தேங்காய் எண்ணெய் பூசினார். அது விடிய வெள்ளையாய் உறைந்து கதவையே திறக்கவிடவில்லை. பிறகு அம்மாவின் நல்லெண்ணெய்ப் போத்தல் காணாமல் போனது. அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வான் தோசைக்கடை மாதிரி மணந்தது. சில்லு வழுக்கினால் போட மண் ஒரு பை, பனி அள்ளச் சவள் ஒன்று, போர்வை, ரோச் லைற் எல்லாம் ஆசனத்துக்குக் கீழே இருந்தன.

இவை எல்லாம் சரியான வேலைகள்தான். அப்பாவை நான் இன்றைக்கும் அதில் குறை சொல்லமாட்டேன். அந்த வருடம் அவர் செய்த ஒரு வேலைதான் பிழையாய்ப் போனது. அதையும் எங்கள் மேல் வைத்த பாசத்தில்தான் செய்தார்.

மார்கழியில் திருவாதிரைக்கு முந்திய நாட்களில் விடியற்காலைப் பூசை நடப்பது உங்களுக்குத் தெரியும். ஊரில் அந்த நேரம் சங்கு ஊதி, சேமக்கலம் அடித்துத் தெருவையே எழுப்புவார்களாம். லண்டனில் அப்படிச் செய்தால் பொலிஸ்தான் எழும்பி வரும். எங்களுக்கு வாய்த்த கோயில் ஆற்றுக்கு வடக்கே வாடகைக்கு எடுத்த ஒரு பழைய மண்டபம். ஆற்றுக்கு அடியால் போகிற சுரங்கப்பாதையால் போகவேண்டும். அக்காவுக்கு நல்ல குரல். அந்த வருடம் பூசையில் அவள்தான் பாட்டுப் படிக்கவேண்டும் என்று கோயிலில் கேட்டிருந்தார்கள். அப்பாவுக்குத் தலைகால் தெரியாத பெருமை.

"பிள்ளையின்ர தொண்டையில குளிர் படக்கூடாது" என்றார். அதோடு வானை அடைக்கத் தொடங்கினார்.

வானின் முன்பக்கம் மூன்று பேர் இருக்கலாம். பின்பக்கம் சாமான் ஏற்றும் இடம். இரண்டுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு, அதில் தள்ளித் திறக்கிற சின்னக் கண்ணாடி ஒன்று. பின்கதவில் இடுக்கு, நிலத்தில் துரு தின்ற ஓட்டை, எல்லா இடத்தாலும் காற்று சீறிக்கொண்டு வரும். அப்பா கதவு ஓரமெல்லாம் ஸ்பொஞ்ச் ஒட்டினார். அதற்கு மேல் பெட்டி ஒட்டுகிற மண்ணிற ரேப். முன்பக்கத்து ஜன்னல்களுக்கும் பொலித்தீன் அடித்து ரேப் போட்டார். ஜன்னலை இனி இறக்க முடியாது. நிலத்துக்கு, யாரோ தெருவில் எறிந்துவிட்டுப் போன சிவப்புப் பூப்போட்ட கார்ப்பெற்றை இரண்டு மடிப்பாக விரித்தார். சுவரோரம் நாங்கள் உட்கார ஒரு வாங்கு வைத்தார். கடைசியில் பின்பக்கத்துக்குள் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, தடுப்புக் கண்ணாடியால் எங்களைப் பார்க்கச் சொன்னார். வெளியே மரமெல்லாம் காற்றில் ஆடிக்கொண்டு நின்றது. உள்ளே சுடர் கொஞ்சமும் அசையவில்லை.

"பாத்தியளே? ஜெர்மன்காரனும் இப்பிடிச் செய்யமாட்டான்" என்றார் அப்பா.

அம்மா மட்டும் ஒன்று சொன்னாள். "இஞ்சேரப்பா, வான்ர சத்தம் கொஞ்சம் தடிச்சுப்போய்க் கிடக்கு. ஆரிட்டையேன் காட்டுங்கோவன்."

"குளிருக்கு எல்லா வாகனமும் இருமும். தை பிறக்கட்டும், பாப்பம்."

எதிர்வீட்டில் ஓர் அறை எடுத்துத் தனியே இருந்த மாமியும் எங்களோடு வருவாள். சொந்த மாமி இல்லை, எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டோம். அவளுக்கு ஒரே மகன். ஊரில் அவனைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் திருப்பி அனுப்பவில்லை. செத்துவிட்டான் என்றும் சொல்லவில்லை. மாமி எங்கே போனாலும் அவனுடைய சட்டை ஒன்றை மடித்துக் கைப்பைக்குள் வைத்திருப்பாள். எனக்கு அவள்மேல் அப்போது பயம்தான் இருந்தது. இரக்கம் நானும் ஒரு பிள்ளையைப் பெற்ற பிறகுதான் வந்தது.

முதல் நாள் விடிய, அப்பாவும் அம்மாவும் மாமியும் முன்னால் ஏறினார்கள். அக்காவும் நானும் பின்னால். வான் புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் அக்கா கார்ப்பெற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இஞ்ச பாரடி, சூடு" என்றாள். பின்கதவுப் பக்கம், வாங்கு முடிகிற தொங்கலில், கால் வைக்கிற இடம் மட்டும் கதகதவென்று இருந்தது. இருவரும் அந்த இடத்துக்கு இடிபட்டோம். அம்மா தடுப்புக் கண்ணாடியைத் தள்ளி என்ன சத்தம் என்று கேட்டாள். அப்பாவுக்குச் சந்தோஷம். தான் அடைத்த அடைப்பில் சூடு தங்கிவிட்டது என்று நினைத்தார்.

"பாடுற பிள்ளை அதில இருக்கட்டும். சின்னவள், நீ இஞ்சால வா" என்று மாமி தீர்ப்புச் சொன்னாள்.

நான் அழுதுகொண்டு தடுப்புப் பக்கம் வந்து இருந்தேன். அந்தக் கண்ணாடி ஒரு விரல் அளவு திறந்தபடி இருந்தது. என் மூக்கு அதற்கு நேரே இருந்ததால்தான் இதை இன்றைக்கு உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வான் நல்லெண்ணெய், வெங்காயம், அம்மா மடியில் வைத்திருந்த பூ எல்லாம் கலந்து மணந்தது. அதற்குக் கீழே இன்னொரு மணமும் இருந்தது. பழைய வானுக்கு அது உரியதுதான் என்று ஒருவரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. எனக்கு நெற்றிக்குள் யாரோ தட்டுவது போல் தலையிடித்தது. இறங்கியதும் கோயில் வாசலில் சத்தி எடுத்தேன். வெறுவயிற்றுப் பயணம் என்றாள் அம்மா. விரதகாலத்தில் அப்படித்தான் என்றாள் மாமி. வீட்டுக்கு வந்ததும் கொத்தமல்லி அவித்துத் தந்தார்கள்.

அக்கா பாடினாள். முதல் நாள் நன்றாகத்தான் பாடினாள். இரண்டாம் நாள் சொற்களை இழுத்துப் பாடினாள், அதுவும் ஓர் அழகு என்றார்கள். மூன்றாம் நாள் தீபம் காட்டும்போது அவளுடைய கால் தளர்ந்தது. கண் மேலே செருக, இரண்டு பக்கமும் ஆடி, பெண்கள் வரிசைக்குள் அப்படியே சரிந்தாள். நான் கத்தப்போனேன். அதற்குள் மாமி கைகளைத் தலைக்கு மேல் கூப்பிவிட்டாள்.

"அருள்! பிள்ளைக்கு அருள் வந்திட்டுது!"

உங்களுக்கு அந்தக் கூட்டம் தெரியும். ஊரில் வீடு எரிந்தவர்கள், கணவனைத் தொலைத்தவர்கள், விசா முடிவுக்காகக் காத்திருந்தவர்கள். ஒரு வருடம் முழுக்கக் கடவுள் ஒரு வார்த்தையும் சொல்லாத இடத்தில், பாவாடை கட்டிய ஒரு பிள்ளை விழுந்தால் அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? ஒருத்தி விபூதி பூசினாள். ஒருத்தி காலைத் தொட்டாள். அக்கா கண்ணைத் திறந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் அழுதாள். அந்த அழுகைக்கும் கும்பிட்டார்கள். மாமி அவளுடைய முகத்தோடு முகம் வைத்து மெல்லக் கேட்டாள்.

"என்ர பிள்ளை இருக்கிறானோ அம்மா?"

"ஓம்" என்றாள் அக்கா.

அன்றைக்கு வரும்போது மாமி வான் முழுக்கக் கேட்கும்படி அழுதுகொண்டு வந்தாள். சந்தோஷத்தில் அழுத அழுகை அது. அப்பா வானைப் பூப்போல ஓட்டினார்.

மற்ற நாட்களிலும் அது தவறாமல் வந்தது. தீபம் எழும்பும் நேரத்துக்கு அக்கா சரிவாள், பெண்கள் பாயும் பழமும் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். பிறகு ஒரு நாள், அவன் எங்கே இருக்கிறான் என்று மாமி கேட்டாள். அக்கா நெடுநேரம் சொல்லைத் தேடிவிட்டு, "சூடான இடத்தில" என்றாள். மாமிக்கு அது போதும். இந்தியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டாள். அன்றிலிருந்து தன் போர்வையையும் கொண்டுவந்து, ஏறும்போதே அக்காவைத் தலைமுதல் கால்வரை மூடிவிடுவாள்.

வீட்டில் அக்கா கட்டிலில் படுத்துக்கொண்டு என்னிடம், "பாட்டு நடுவில தூரமாப் போகுதடி. நான் எங்கையோ நிக்கிறன், மணி எங்கையோ அடிக்குது" என்றாள். அவளுக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அவளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே பெரியவர்கள் காலில் விழுந்தார்கள்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவரைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு நாள் விடிய, வானைச் சூடாக்கிக்கொண்டு நிற்கும்போது அவர் இரவு உடுப்போடு வந்து ஜன்னலில் தட்டினார். கையை நீட்டி என்னவோ சொன்னார். ஜன்னல் ரேப் போட்டு ஒட்டியிருந்தது, எஞ்சினும் இரைந்தது. அப்பா உள்ளே இருந்தபடியே கையைக் கூப்பி, தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் "சொறி, சொறி" என்று சொல்லிவிட்டு வானை எடுத்துவிட்டார்.

"விடியவே சத்தம் போடுறமாம். அதுக்குத்தான் வந்து நிக்கிறான்" என்றார் அம்மாவிடம்.

அதற்கு முதல் வருடம் மேளக் கசெற் போட்டதற்கு அந்தக் கிழவர் கவுன்சிலுக்கு எழுதிப்போட்டவர். அதனால் அப்பா நினைத்ததில் பிழை சொல்ல முடியாது. மறுநாளிலிருந்து அம்மாவும் மாமியும் சேலைக்கு மேல் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு வானைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே போய்த்தான் அப்பா ஸ்ராட் பண்ணுவார். நானும் அக்காவும் உள்ளே இருந்து வயிறு நோகச் சிரித்தோம். கிழவர் நீட்டிய கை வானின் பின்பக்கத்தை, கீழே, புகைக்குழாயைக் காட்டியது. அது என் கண்ணில் இப்போதும் நிற்கிறது. சத்தத்தைப் பற்றிச் சொல்ல வந்தவர் எஞ்சினையல்லவா காட்டியிருப்பார்?

திருவாதிரை அன்று தெரு கண்ணாடியாய் உறைந்திருந்தது. எங்கள் வான் மட்டும் ஒரு தட்டில் ஸ்ராட் ஆனது. அப்பா ஸ்ரியரிங்கை ஒரு குதிரையைப் போலத் தட்டிக்கொடுத்தார். சுரங்கப்பாதைக்குள் ஏதோ விபத்து, வாகனங்கள் அசையவில்லை. எல்லாரும் நின்றோம். பிள்ளைகளுக்குக் குளிரும் என்று அப்பா எஞ்சினை நிறுத்தவில்லை.

பின்னால் அக்கா மாமியின் போர்வைக்குள் இருந்து அன்றைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரே அடியைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு அதுவும் இல்லை. எனக்கு வாய் திறக்கவே பஞ்சியாக இருந்தது. கை கால் எல்லாம் யாருடையதோ போல் கிடந்தன. எழும்பி அவளிடம் போகவேண்டும் என்று நினைத்தேன், நினைத்ததும் மறந்துவிட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு சுகமான நித்திரை அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

கோயிலடியில் அப்பா பின்கதவைத் திறந்தார். குளிர் முகத்தில் அறைந்தது. நான் உருண்டு விழுந்து சத்தி எடுத்தேன். அக்கா அசையவில்லை. வாங்கின் தொங்கலில், கண் பாதி திறந்தபடி, வாயோரம் எச்சில் வழிய இருந்தாள். முகம் மட்டும் சிவந்து பொலிவாய் இருந்தது. அம்மா ஏறப்போனாள். மாமி குறுக்கே கையை நீட்டினாள்.

"தொடாதேங்கோ. இண்டைக்கு வழியிலையே வந்திட்டுது."

கோயிலுக்குள் இருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். வானைச் சுற்றி, உறைந்த நிலத்தில், கைகூப்பி நின்றார்கள். யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள். அப்பாவும் கைகூப்பினார். மாமி படியில் முழங்காலில் நின்று, கைப்பையில் இருந்த சட்டையை எடுத்து அக்காவின் மடியில் வைத்தாள்.

"எப்ப வருவான்? அதை மட்டும் சொல்லு தாயே."

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. என் பிள்ளை ஒன்று அந்த வாங்கில் கிடப்பதாக நான் இப்போதும் கனவு காண்பேன். அந்தக் கனவிலும் எல்லாரும் கைகூப்பிக்கொண்டுதான் நிற்பார்கள், ஒருவரும் அசையமாட்டார்கள்.

அம்மாதான் அசைந்தாள். மாமியைத் தள்ளி விழுத்திவிட்டு ஏறினாள். அக்காவின் கன்னத்தில் அறைந்தாள். தலை ஒரு பக்கம் போய் அப்படியே நின்றது.

"என்ர பிள்ளை மூச்சு விடேல்லை! சாமியும் மண்ணாங்கட்டியும்! தூக்குங்கோ!"

அவளைத் தெருவில் கிடத்தினார்கள். மூச்சு இருந்தது, எண்ணி எண்ணி விடுவது போல இருந்தது. அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர் எதில் வந்தீர்கள் என்று கேட்டார். அப்பாவுக்கு ஜெர்மன் வரும், இங்கிலிஷ் வராது. வழக்கம்போல நான்தான் நடுவில் நின்று சொன்னேன்.

"வானுக்க புகை வந்திருக்காம் அப்பா. அதுக்க மணமே இல்லாத நஞ்சு ஒண்டு இருக்காம். அதுதான் அக்காவுக்கு."

"வராது எண்டு சொல்லு. ஒரு ஓட்டையும் இல்லை. நான்தானே எல்லாத்தையும் அடைச்..."

அவர் கதிரையில் உட்கார்ந்து, தன்னுடைய இரண்டு கைகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புகைக்குழாய் வெடித்திருந்தது. சரியாக அக்கா கால் வைத்த இடத்துக்குக் கீழே. நிலத்து ஓட்டையால் ஏறிய புகை கார்ப்பெற்றுக்குள்ளால் மெல்ல வந்திருக்கிறது. அந்தச் சூடும் அதனுடையதுதான். முன்பெல்லாம் வந்த புகை ஏதாவது ஓர் இடுக்கால் போயிருக்கும். போகிற வழியைத்தான் அப்பா அடைத்துவிட்டார்.

அக்கா பிழைத்தாள். பயப்படாதீர்கள், இப்போது மனோர் பார்க்கில் இருக்கிறாள், பேரப்பிள்ளையும் கண்டுவிட்டாள். ஆனால் அந்த மார்கழி அவளுக்கு ஞாபகத்தில் இல்லை. ஒரு வருடம் வரை சாதாரணச் சொற்களைக்கூடத் தேடித் தேடித்தான் எடுத்தாள். பாட்டை விட்டுவிட்டாள். அப்பா தன் கடைசிக் காலம் வரை, பனி கொட்டினாலும், ஜன்னலை ஒரு சாண் இறக்கிவிட்டுத்தான் வாகனம் ஓட்டினார். அவரோடு போனவர்கள் காது விறைத்துத் திட்டினார்கள். அவர் காரணம் சொன்னதில்லை.

அக்கா ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்று அப்பா வெளியே வானுக்குள் நின்று ரேப்பையெல்லாம் உரித்தெறிந்துகொண்டிருந்தார். உரிக்கிற சத்தம் வீட்டுக்குள் கேட்டது. அப்போது மாமி வந்தாள். ஒரு கிழமைக்குள் மெலிந்து போயிருந்தாள். அம்மா அக்காவைச் சுவரோடு சாய்த்து இருத்திச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். மாமி கண்ணீரோடு அக்காவின் தலையைத் தடவினாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நான் நினைத்தேன்.

"பிள்ளைக்கு இனியும் வருமோ?" என்று கேட்டாள்.

"வராது மாமி. அது அருள் இல்லை. வான் புகை. டொக்டர் சொன்னவர்" என்றாள் அம்மா.

"அது எனக்கும் சொன்னவை. புகையோ என்னவோ, பிள்ளை சொன்னது பொய்யில்லைத்தானே?"

அம்மா சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தாள். அக்காவைக் கைத்தாங்கலாக எழுப்பி அறைக்குள் கூட்டிக்கொண்டு போய், உள்ளே இருந்து கதவைப் பூட்டினாள்.

மாமி பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லத் திரும்பினாள். கைப்பையை நெஞ்சோடு பிடித்தபடி எனக்கு முன்னால் குந்தினாள். என் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.

"நீயும் பின்னாலதானே இருந்தனி, பிள்ளை?" என்றாள்.